அட்டன்பரோ: ஒரு குடும்பப் பெயரும் அது கிளம்பிய ஊரும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அட்டன்பரோ என்ற பெயரில் நமக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். இங்கிலாந்தில் இது பரவலான பெயரா?

இல்லை, அரிய பெயர். 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்டும் இயற்கை ஆவணப்படங்களின் குரலான டேவிட்டும் அண்ணன் தம்பி. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் உலகம் முழுக்கத் தெரிந்தவர்களாகிவிட்டதால், ஸ்மித், ஜோன்ஸ் மாதிரி இதுவும் தெருவுக்கு நாலு பேரிடம் இருக்கும் பெயர் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. இந்தப் பெயரை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில், இரண்டு மாவட்டங்களின் எல்லையை ஒட்டிய சின்ன வட்டாரத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

எனக்கு இந்தப் பெயர் பிடித்ததற்குக் காரணம் அதுதான். பரவலான பெயரின் பூர்வீகத்தைத் தேடினால் நூறு ஊர் கிடைக்கும். இதற்கு ஒரே ஊர். பழைய ஏடுகள், மக்கள்தொகைக் கணக்கு, மரபணு ஆய்வு என எதைப் புரட்டினாலும் அதே இடத்தில்தான் கொண்டுவந்து விடுகிறது.

அந்த ஊர் எது?

ஊரின் பெயரும் அட்டன்பரோதான். நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், நாட்டிங்ஹாம் நகரத்துக்குத் தென்மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவில், டிரென்ட் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. ஈரவாஷ் என்ற சிற்றாறு டிரென்ட்டில் வந்து சேருமிடமும் இங்கேதான். நாட்டிங்ஹாம்ஷயருக்கும் டார்பிஷயருக்கும் நடுவே எல்லைக்கோடாக ஓடுவது இந்த ஈரவாஷ். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஊரின் நடுவில் பழைய செயின்ட் மேரி தேவாலயம் இருக்கிறது. ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனும், 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவருமான ஹென்றி அயர்டன் 1611இல் பிறந்தது இந்த ஊரில்தான். ஊரைப் பற்றிய வரலாற்றுக் குறிப்புகளில் முதலில் வருவது அவர் பெயர். குடும்பப் பெயரின் கதையில் அவருக்கு இடமில்லை.

பெயருக்குப் பொருள் என்ன?

இரண்டு துண்டு. பின்பாதியில் இருப்பது பழைய ஆங்கிலத்தின் 'பர்ஹ்'. கோட்டை, அரண் கட்டிய குடியிருப்பு என்று பொருள். பீட்டர்பரோ, ஸ்கார்பரோ, பக்கத்து மாவட்டத்து லஃப்பரோ எல்லாவற்றின் வாலிலும் இதே சொல்தான். கான்டர்பரியில் வரும் 'பரி'யும் இதன் வேற்றுமை உருவம்.

முன்பாதி ஓர் ஆளின் பெயர். அடா அல்லது ஏடி என்பதைப் போன்ற ஆங்கிலோ-சாக்சன் (நார்மன்களுக்கு முன் இங்கிலாந்தில் இருந்த மக்கள்) பெயர் என்பது ஊர்ப்பெயர் ஆய்வாளர்களின் முடிவு. சுருக்கமாகச் சொன்னால் 'இன்னாருடைய கோட்டை'. சுற்றியுள்ள ஊர்களையும் பாருங்கள். ஸ்டேபிள்ஃபோர்ட் என்றால் கம்பம் நட்டு அடையாளம் வைத்த ஆற்றுத்துறை. டோட்டன் என்றால் டோவி என்ற டேனிஷ்காரரின் பண்ணை. சில்வெல் என்றால் பிள்ளைகளின் ஊற்று. ஆயிரம் வருடத்துக்கு முன் அந்த ஆற்றங்கரையில் யார் இருந்தார்கள், எங்கே இறங்கி ஆற்றைக் கடந்தார்கள் என்பதெல்லாம் இந்தப் பெயர்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

'அட்டன் பரோ' என்றால் 'கோட்டைக்குப் பக்கத்தில்' என்று அர்த்தம் என்கிறார்களே?

இது நல்ல கேள்வி. குடும்பப் பெயர் அகராதிகளிலும் இந்த விளக்கம் வந்திருக்கிறது. நடுக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த இடத்தில்' என்று பொருள். அப்படிப் பிறந்த பெயர்கள் நிறைய உண்டு. காட்டோரம் குடியிருந்தவர் அட்வுட் ஆனார், கிணற்றோரம் இருந்தவர் அட்வெல் ஆனார். 'அட்டன் ஆஷ்' என்று ஆஷ் மரத்தருகே இருந்தவரின் பெயர் தேய்ந்து, 'அட்டன்' என்பதின் கடைசி 'ன்' மட்டும் மரத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு 'நாஷ்' ஆகிவிட்டது. ஆகவே 'அட்டன் பரோ'வும் அந்த வகைதான் என்று நினைப்பதில் தப்பே இல்லை.

ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. ஒன்று, ஊரின் நடுக்கால எழுத்து வடிவங்கள். அவற்றில் வருவது 'அடி' என்று சொல்லும்போது நாம் மென்மையாக உச்சரிக்கும் ட ஒலி. 'அட்டை'யில் வரும் வன்மையான ட்ட ஒலி பிற்காலத்தில்தான் வருகிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு ஒலிக்கும் வெவ்வேறு எழுத்து என்பதால் பழைய ஏடுகளில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதாவது ஊர்ப்பெயரில் முதலில் 'அட்டன்' என்ற சொல்லே இல்லை.

இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 'பரோ'க்கள் இங்கிலாந்து முழுக்க இருந்தன. 'கோட்டைக்குப் பக்கத்து ஆள்' என்பதுதான் பொருள் என்றால், கென்ட்டில் ஒருவர், டெவனில் ஒருவர், யார்க்ஷயரில் ஒருவர் என்று தனித்தனியாக அந்தப் பெயரைப் பெற்றிருப்பார்கள். இன்று அட்டன்பரோக்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடப்பார்கள். அப்படி இல்லையே! நாட்டிங்ஹாமைச் சுற்றியே அல்லவா குவிந்திருக்கிறார்கள்.

அந்த ஊரில் வாழ்ந்த எல்லோருமே அட்டன்பரோ என்று பெயர் வைத்துக்கொண்டார்களா?

இல்லை, ஏறக்குறைய நேர் எதிர். ஊருக்குள்ளேயே இருப்பவரை ஊர்ப்பெயர் சொல்லி அழைப்பதில் என்ன பயன்? அங்கே எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள்தானே. ஒருவர் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தபோதுதான், ஏற்கெனவே அங்கிருக்கும் நாலு ஜான்களிலிருந்து இந்த ஜானைப் பிரித்துச் சொல்ல 'அட்டன்பரோ ஜான்' என்றார்கள். ஊரை விட்டுக் கிளம்பியவருக்குத்தான் ஊர்ப்பெயர் ஒட்டும்.

அதனால் இப்படிப்பட்ட குடும்பப் பெயரைத் தேடும்போது அந்த ஊரின் சர்ச் பதிவேட்டை மட்டும் பார்த்து ஏமாந்து திரும்பக் கூடாது. அதைச் சுற்றி ஒரு நாள் நடைதூரத்தில் இருக்கும் ஊர்களைப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர் எப்போது நிலைத்தது?

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலவுடைமைக்காரர்களிடம் முதலில் தொடங்கியது. சாதாரண மக்களுக்கு அது மெல்லத்தான் வந்தது. ஏறக்குறைய 1400 வாக்கில் ஆங்கிலக் குடும்பங்களில் பெரும்பாலானவை அப்பா பெயரைப் பிள்ளை சுமக்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டன. வடக்கில் இன்னும் தாமதம். 1538இல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை வந்தது. சாதாரணக் குடும்பங்களின் தடம் அங்கிருந்துதான் தொடர்ச்சியாகக் கிடைக்கும். அரசின் பிறப்பு இறப்புப் பதிவு 1837இல் தொடங்கியது.

சரி, வரைபடத்தில் இவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களின் பரவலைப் பார்க்க எல்லோரும் கையில் எடுப்பது 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. முழுவதும் பெயர்ப் பட்டியலாக மாற்றப்பட்டிருப்பதால், எந்தப் பெயருக்கும் வரைபடம் போட்டுப் பார்க்கலாம். அட்டன்பரோவுக்குப் போட்டால் நாட்டிங்ஹாம்ஷயரும் அதை ஒட்டிய டார்பிஷயரும்தான் அடர்த்தியாகத் தெரியும். இரண்டு மாவட்டம் என்று சொல்வது கொஞ்சம் ஏமாற்றும். ஈரவாஷ் எல்லைக்கோடு என்று முன்பே சொன்னேனே, அந்தச் சிற்றாற்றைத் தாண்டினால் டார்பிஷயர். மாவட்டம்தான் வேறு, வட்டாரம் ஒன்றே.

இன்றைக்கும் மையம் அங்கேதான். லண்டன் போன்ற பெருநகரங்களுக்கும், கடல் கடந்து அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளுக்கும் போனவர்கள் உண்டு.

ஐந்நூறு அறுநூறு வருடமாக ஏன் பக்கத்திலேயே இருந்தார்கள்?

கிளம்ப வேண்டிய கட்டாயம் வரவில்லை என்பதுதான் என் கணிப்பு. பிழைப்பு உள்ளூரிலேயே கிடைத்தது. காலுறை பின்னும் தறியை 1589இல் வில்லியம் லீ கண்டுபிடித்தது இதே நாட்டிங்ஹாம்ஷயரில்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதன் பிறகு இருநூறு வருடத்துக்கு மேல் இங்குள்ள வீடுகளில் அந்தத் தறிச் சத்தம் ஓயவில்லை. அப்புறம் லேஸ் ஆலைகள். ஈரவாஷ் பள்ளத்தாக்கு முழுக்க நிலக்கரி. விவசாயத்தை விட்டவர் தறிக்கும், தறியை விட்டவர் சுரங்கத்துக்கும் போக நான்கு மைல் நடந்தால் போதும்.

லண்டனில் இந்தப் பெயர் அடகுக் கடைக்குப் பேர் போனது என்பது உண்மையா?

உண்மைதான். விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் அட்டன்பரோ என்ற பெயர்ப்பலகையோடு அடகுக் கடைகள் இருந்தன. ஃப்ளீட் தெருவிலும் ஒன்று. அந்தக் காலத்து லண்டன்வாசிக்கு அட்டன்பரோ என்றதும் கண்முன் வந்தது, கடிகாரத்தை அடகு வைத்துவிட்டு வெறும் கையோடு வெளியே வரும் வாசல்தான். அரிய பெயர்களில் இப்படித்தான் நடக்கும். பத்துக் கடை போதும், மொத்தப் பெயருக்கும் அந்த அடையாளம் வந்துவிடும். நூறு வருடம் கழித்து அண்ணன் தம்பி இருவர் அதை மாற்றி எழுதினார்கள்.

அட்டன்பரோ, அட்டன்பரோவ், அட்டன்பர்ரோ என்று எழுத்து மாறினால் வேறு குடும்பமா?

பெரும்பாலும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொல்ல, பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். அண்ணன் தம்பி இருவரின் திருமணப் பதிவிலேயே இரண்டு விதமாக இருக்கும். 'எங்கள் பெயரில் இந்த எழுத்து கிடையாது, அவர்கள் வேறு' என்று சொல்லி ஒரு கிளையையே தள்ளிவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மரபணு ஆய்வு என்ன சொல்கிறது?

தந்தையிடமிருந்து மகனுக்கு இரண்டு விஷயங்கள் போகின்றன. ஒன்று குடும்பப் பெயர், இன்னொன்று ஒய் குரோமோசோம் என்ற, ஆண்களிடம் மட்டும் இருக்கும் மரபணுத் தொகுப்பு. ஒரு பெயர் ஒரே ஆளிடமிருந்து தொடங்கியிருந்தால், அந்தப் பெயருள்ள ஆண்களின் ஒய் குரோமோசோமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் அல்லவா? இதை முதலில் சோதித்தவர்களில் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டின் மரபணு ஆய்வாளர் பிரையன் சைக்ஸ். தன் பெயரையே எடுத்துக்கொண்டார். 'சைக்' என்றால் யார்க்ஷயர் பேச்சில் ஓடை. ஓடை இல்லாத ஊர் உண்டா? ஆகவே பல ஊரில் பல சைக்ஸ்கள் தனித்தனியாகத் தோன்றியிருப்பார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2000இல் வந்த முடிவில், சோதித்த ஆண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகைக் குரோமோசோம்!

அப்புறம் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் பெரிய அளவில் செய்தார்கள். நாற்பது குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். முடிவு 2009இல் வெளிவந்தது. ஸ்மித் போன்ற பெயர்களில் எந்த ஒற்றுமையும் இல்லை. இரண்டு ஸ்மித்களை எடுத்தாலும் தெருவில் போகிற யாரோ இருவரை எடுத்தாலும் ஒன்றுதான். ஸ்மித் என்றால் கொல்லர். கொல்லர் இல்லாத ஊர் எது? பெயர் அரிதாக ஆக ஆக ஒற்றுமை கூடிக்கொண்டே போனது. அட்டன்பரோவில் எல்லா எழுத்து வடிவங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம்.

'கோட்டைக்குப் பக்கத்தில்' என்ற விளக்கத்தை நான் ஏன் ஒதுக்குகிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். பல ஊர்களில் பல பேர் தனித்தனியாகப் பெற்ற பெயரில் இந்த ஒற்றுமை வரவே வராது. ஏதோ ஒரு தலைமுறையில், அந்த ஊரிலிருந்து கிளம்பிய ஒரே மனிதரின் ஆண்வழி வாரிசுகள்தான் இவர்களில் பெரும்பாலோர்.

மீதி ஒருவர் எங்கிருந்து வந்தார்?

தத்து எடுத்திருக்கலாம். விதவையின் பிள்ளைகள் இரண்டாவது கணவரின் பெயரை ஏற்றிருக்கலாம். மணமாகாத பெண்ணின் மகன் அம்மாவின் குடும்பப் பெயரிலேயே வளர்ந்திருக்கலாம். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையாகவும் இருக்கலாம். இந்த எல்லாக் காரணங்களையும் சேர்த்து, தலைமுறைக்கு ஒன்று முதல் நாலரை சதவீதம்வரை பெயரும் குரோமோசோமும் பிரிந்து போயிருக்கும் என்று கிங்கும் ஜாப்லிங்கும் கணக்கிட்டார்கள். ஒரு தலைமுறைக்கு அது சின்ன எண். இருபது தலைமுறைக்குப் பெருக்கிப் பாருங்கள்.

அரச குடும்பத்திலேயே இது நடந்திருக்கிறது. 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகளை டூரி கிங்கின் குழுதான் மரபணு வழியே ஆராய்ந்தது. தாய்வழி பொருந்தியது. ஆனால் ஆண்வழி உறவினர் என்று வம்சாவளி சொன்னவர்களின் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. நடுவில் எங்கோ நூல் அறுந்திருக்கிறது.

ஆகவே மரபணு பொருந்தாத அட்டன்பரோ 'போலி அட்டன்பரோ' இல்லை. பெயரைச் சுமந்து, அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் அந்தக் குடும்பத்துக்காரர்தான்.

அரிய பெயர் என்றால் கலப்பில்லாத உள்ளூர்க் குடும்பம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதே லெஸ்டர் குழு 2007இல் வெளியிட்ட இன்னொரு முடிவைப் பாருங்கள். யார்க்ஷயரைச் சேர்ந்த ஓர் அரிய பெயருள்ள ஆண்களைச் சோதித்தபோது, பதினெட்டுப் பேரில் ஏழு பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே காணப்பட்டுவந்த ஒய் குரோமோசோம் வகை இருந்தது. வம்சாவளி ஏடுகளைப் புரட்டினால் 18ஆம் நூற்றாண்டு யார்க்ஷயர்வரை போகிறது. தலைமுறை தலைமுறையாகத் தங்களை ஆங்கிலேயர் என்று மட்டுமே அறிந்திருந்தவர்கள் அவர்கள். எப்போதோ வந்து சேர்ந்த ஓர் ஆப்பிரிக்கரின் வாரிசுகள் அவர்கள் என்பதைப் பெயர் மறைத்தது, உடம்பு மறக்கவில்லை.

ஒரு பெயர் இவ்வளவு குறைவான ஆட்களோடு நிற்பது ஏன்?

குடும்பப் பெயர் பிழைப்பது மகன்களை நம்பி. ஒரு தலைமுறையில் எல்லாம் மகள்களாகப் பிறந்தால் அந்தக் கிளையோடு பெயர் முடிந்தது. இதைக் கணிதக் கேள்வியாக 1873இல் கேட்டவர் பிரான்சிஸ் கால்டன். விடை காண முயன்றவர் ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார். பஞ்சமோ கொள்ளைநோயோ இல்லாவிட்டாலும், வெறும் தற்செயலாலேயே பெரும்பாலான பெயர்கள் காலப்போக்கில் அழியும் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது. அதற்குமேல் 1348இல் வந்த கறுப்பு மரணம் என்ற பிளேக் கொள்ளைநோய் வேறு. ஒரே ஆளிடம் தொடங்கிய பெயர் அத்தனையையும் தாண்டி வந்திருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மகள்வழி வாரிசுகளும் இதே அளவு ரத்த உறவுதான். ஆனால் பெயர் வரைபடத்திலும் ஒய் குரோமோசோமிலும் அவர்கள் தெரிய மாட்டார்கள். இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மறக்கவே கூடாது.

டேவிட் அட்டன்பரோவின் குடும்பமும் அந்த ஊர்தானா?

அவர் பிறந்தது லண்டன் பக்கத்தில், 1926இல். வளர்ந்தது லெஸ்டரில். ஆனால் அப்பா ஃப்ரெடரிக் 1887இல் பிறந்த ஊர் ஸ்டேபிள்ஃபோர்ட். மேலே சொன்ன கம்பம் நட்ட ஆற்றுத்துறை அதுதான். அட்டன்பரோ கிராமத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர். அத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் குடும்பம் நகர்ந்த தூரம் அவ்வளவுதான்.

ஃப்ரெடரிக் என்ன படித்தார் தெரியுமா? பழைய ஆங்கிலம். ஆங்கிலோ-சாக்சன் மன்னர்களின் சட்டங்களை மொழிபெயர்த்து 1922இல் பதிப்பித்தார். அதில் ஆல்ஃபிரட் மன்னரின் சட்டத்தில், அரசரின் 'பர்ஹ்'ஐ உடைத்து நுழைந்தால் 120 ஷில்லிங் தண்டம் என்று வருகிறது. தன் பெயரின் பின்பாதியையே அவர் மொழிபெயர்த்திருக்கிறார். 1932இலிருந்து 1951வரை லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராக இருந்தார். இந்தக் குடும்பப் பெயரின் மரபணுவைப் பின்னாளில் சோதித்தது அதே கல்லூரி வளர்ந்து உருவான பல்கலைக்கழகம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1939இல் பெர்லினிலிருந்து தப்பி வந்த இரண்டு யூதச் சிறுமிகளை அந்த வீடு சேர்த்துக்கொண்டது. ஏழு வருடம் அங்கே பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்ந்தார்கள். எந்தக் குடும்பப் பெயர் வரைபடத்திலும் அவர்கள் வரமாட்டார்கள்.

என் நண்பர் ஒருவருடைய பெயர் அட்டன்பரோ. அவர் டேவிட்டுக்கு உறவா?

நெருங்கிய உறவாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பத்துக்கு ஒன்பது என்ற கணக்கைப் பார்த்தால், பதினைந்து இருபது தலைமுறைக்கு முன் இருவருக்கும் ஒரே பாட்டனார் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு ஸ்மித்திடம் இப்படிச் சொல்லவே முடியாது.

ஊரில் இன்று பார்க்க என்ன இருக்கிறது?

நாட்டிங்ஹாமிலிருந்து டார்பி போகும் பாதையில் நிற்கும் ரயிலில் ஏறினால், அட்டன்பரோ என்று பலகை போட்ட நிலையத்திலேயே இறங்கலாம். தேவாலயம் நடைதூரம். அதைத் தாண்டினால் தண்ணீர். 1929 முதல் டிரென்ட் கரையில் சரளைக்கல் தோண்டினார்கள். குழிகளில் தண்ணீர் நிறைந்து ஏரிகளாயின, பறவைகள் வந்தன. அந்த இடம் இயற்கைக் காப்பகமாக மாறியபோது, 1966இல் திறந்து வைக்க அழைக்கப்பட்டவர் டேவிட் அட்டன்பரோ.